முதல் கட்டத்தில் பிள்ளையார்

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பேரையூர் அத்தையை ஒரு மதியப் பொழுதில் தோற்கடித்தேன். எங்கள் சொந்தத்தில் இதை நம்பாதவர்கள்தான் அதிகம். அத்தையை வாயால் ஜெயித்த ஆள் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள்கூட அத்தையின் இலைக்கு முன்னால் வந்ததும் சாம்பார் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவரைப் பத்துக்குப் பத்து என்று மண்ணைக் கவ்வ வைத்தோம், நானும் சித்தப்பாவும். நடந்ததைச் சொல்கிறேன். இதில் எனக்குச் சேர வேண்டிய பெருமை எவ்வளவு என்பதை முடிவில் நீங்களே பிரித்துக் கொடுங்கள்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகாதவர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் வீட்டில், வாசலை ஒட்டிய சின்ன அறை அவருடையது. திருப்பரங்குன்றத்தில் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற வேலை பார்த்தார். குடம், அண்டா, தாம்பாளம் எதை வாங்கினாலும் கொடுக்கிறவர் பேரை அதில் வெட்டித் தர வேண்டுமே, அதற்குப் பேனா மாதிரி ஒரு மெஷின் உண்டு. வண்டு குடைகிற சத்தத்தோடு அது எழுதும். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சித்தப்பா முதலில் குடத்தின் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம கை" என்பார்.

சம்பாதித்ததில் சாப்பாட்டுக்கு வீட்டில் கொடுத்தது போக மீதியெல்லாம் பாட்டாக மாறியது. அந்தக் காலத்தில் கேசட்டைக் கடையில் அப்படியே வாங்குவது ஒரு வகை. சித்தப்பா அந்த வகை இல்லை. காலி கேசட் வாங்கி, தனக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி ரிக்கார்டிங் கடையில் கொடுப்பார். அவர்கள் அதே வரிசையில் பதிந்து தருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று முடிவுசெய்யவே அவருக்கு ஒரு வாரம் ஆகும். அப்படிச் சேர்த்தது முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட். ஒவ்வொன்றின் பிளாஸ்டிக்கிலும் கடை மெஷினால் நம்பர் வெட்டியிருப்பார். ஸ்டிக்கர் ஒட்டினால் உரிந்து போகுமாம். வெட்டினது வெட்டினதுதான் என்பார்.

கம்ப்யூட்டர் வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரை இழுத்து மூடியபோது, அதன் சொந்தக்காரர் சித்தப்பாவின் சிநேகிதர் என்பதால், ஒரு பழைய பெட்டியைப் பாதி சும்மாவே தள்ளிவிட்டார். பானை வயிற்று மானிட்டர், கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர். அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். வீட்டிலேயே அதைத் தொட்டுப் பழகியவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு பீரியட் எங்களுக்குக் கம்ப்யூட்டர் இருந்தது. நாலு பேருக்கு ஒரு பெட்டி. என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். இங்கே முழுசாக ஒன்று, எனக்கே எனக்கு! அந்த சந்தோஷத்தில் எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதி எழுதி, உலகத்தில் எதைப் பார்த்தாலும் இது எதற்கு நிற்கிறது, எப்போது கிளம்பும் என்றுதான் அவருக்குக் கேட்கத் தோன்றும். கம்ப்யூட்டரையும் அப்படித்தான் கேட்டார்.

"பாட்டுக் கேக்க டேப் இருக்கு. கணக்குப் போட எனக்குத் தல இருக்கு. இது எதுக்குடா?"

கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போனில் அத்தையிடமும் சொல்லிவிட்டார். அத்தை அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அவர் மகன் அப்போது பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப். வீட்டில் பழகப் பெட்டி இல்லாமல் இருந்தான். அத்தை ஒரே போடாகப் போட்டார்கள். "ஏண்ணே, அங்க அதுல சீட்டு வெளையாடிக்கிட்டுல்ல இருப்பாய்ங்க? படிக்கிற புள்ளைக்குக் குடுத்தா உனக்குப் புண்ணியமாப் போகும்."

நானும் படிக்கிற பிள்ளைதான் என்று கத்தினேன். "நீ ஆறாப்பு" என்றார் அப்பா, ஏதோ அது ஒரு வியாதி மாதிரி.

அப்போதுதான் சித்தப்பா அந்த வார்த்தையை விட்டார். "எண்ணே, இது சீட்டு வெளையாட இல்ல. எங்கிட்ட இருக்க அம்புட்டுப் பாட்டையும் இதுல ஏத்திப் பதிவு போடப் போறோம், நானும் பாப்பாவும். எந்தப் பாட்டக் கேட்டாலும் எந்தக் கேசட்டு, எந்தப் பக்கம், எத்தனாவதுன்னு ஒரே நிமிசத்துல சொல்லும். சொல்லலேன்னா நானே பேரையூர் பஸ்ல ஏத்தி விடுறேன்."

நிமிஷம் என்ற சொல் அப்பாவை விழ வைத்தது. தை மாதம் தெப்பத் திருவிழாவுக்கு அத்தை குடும்பத்தோடு வருவது வழக்கம். அன்றைக்கு அத்தை பத்துப் பாட்டுக் கேட்பது, அப்பா கடிகாரத்தைப் பிடிப்பது, ஒன்று தப்பினாலும் பெட்டி பேரையூருக்கு என்று முடிவானது. அத்தை போனிலேயே சிரித்துவிட்டு, பெட்டியை மூடுவதற்குத் துணி உறை தைக்க அளவு கேட்டார்கள்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல், தினம் சாயங்காலம் நானும் சித்தப்பாவும் உட்கார்ந்தோம். திரையில் கட்டம் கட்டமாக ஒரு பக்கம். முதல் வரிசையில் தலைப்பு: 'நம்பர்', 'பாட்டு'. பாட்டுக்குக் கீழே பாட்டின் முதலடி. நம்பருக்குக் கீழே கேசட் எண், ஏ பக்கமா பி பக்கமா, எத்தனாவது பாட்டு. சித்தப்பா கீபோர்டில் 'க' எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நான் ஒரு கேசட்டையே முடித்துவிடுவேன். அதனால் நான் டைப் அடிக்க, அவர் கட்டிலில் மல்லாந்து படுத்து மேலே ஃபேனைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வருவார்.

"நூத்தி முப்பத்தொண்ணு. ஏ சைடு. மூணாவது..."

"கேசட்டப் பாத்துச் சொல்லுங்க சித்தப்பா. தப்பாயிரும்."

"சரிங்க டீச்சர்" என்று எழுந்து கேசட்டை எடுத்து அதன் அட்டையைப் பார்ப்பார். சொன்னதுதான் இருக்கும். மறுபடி படுத்துக்கொள்வார். எத்தனை தடவை சொன்னாலும் சோம்பேறித்தனம் போகவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மார்கழி முடிவதற்குள் மூவாயிரத்துச் சொச்சம் பாட்டும் ஏறிவிட்டன. பள்ளிக்கூடத்து மிஸ் சொல்லிக் கொடுத்தபடி அத்தனையையும் அகர வரிசைக்கு மாற்றினேன். ஒரே தட்டு. அந்தந்த நம்பரையும் கையோடு கூட்டிக்கொண்டு பாட்டுகள் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. சித்தப்பா பத்து இடத்தில் கை வைத்துச் சோதித்தார். பத்தும் சரி. "ஜெயிச்சுட்டம்டி பாப்பா" என்று என் சடையை இழுத்தார். அப்போது உண்மையிலேயே ஜெயித்துத்தான் இருந்தோம்.

வினை வந்தது போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம். சித்தப்பா இன்னும் கடையிலிருந்து வரவில்லை. நான் பெட்டியைத் திறந்து என் கைவேலையை நானே பார்த்து மெச்சிக்கொண்டிருந்தேன். டம்ளரில் பாலோடு வந்த அம்மா திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னடி இது, பிள்ளையார் சுழி போடாமயா இம்புட்டும் எழுதி வச்சிருக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுக்கே அம்மா உச்சியில் 'உ' போட்டுத்தான் உப்பு, புளி எழுதுவாள். நான் கணக்குப் பரீட்சையில் பேர் எழுத மறந்திருக்கிறேனே தவிர, சுழி போட மறந்ததில்லை. மூவாயிரம் பாட்டை எழுதிவிட்டு இதை மறந்தால் விளங்குமா? அதுவும் நாளைக்குப் போட்டியை வைத்துக்கொண்டு!

போடலாம் என்றால் இடம் இல்லை. முதல் கட்டத்தில் 'நம்பர்' என்ற தலைப்பு உட்கார்ந்திருந்தது. அதைக் கிளப்ப வேண்டும். மவுஸின் வலது பக்கத்தை அமுக்கினேன். ஏதேதோ கேட்டது. புதுக் கட்டம் ஒன்று சேர்க்கவா என்றது, சேர் என்றேன். இருப்பதைக் கீழே தள்ளவா என்றது, தள்ளு என்றேன். சமர்த்தாகத் தள்ளிவிட்டு ஒரு காலி இடம் கொடுத்தது. அதில் 'உ' அடித்து, எழுத்தைப் பெரிசாக்கி, மஞ்சள் வர்ணமும் பூசினேன். 'நம்பர்' ஒரு படி இறங்கி நின்றது. பிள்ளையாருக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு, அப்படியே சேமித்தேன். பத்திரத்துக்கு வைத்திருந்த இன்னொரு நகலிலும் பழசை அழித்துவிட்டு இதையே ஏற்றினேன். முன்ஜாக்கிரதையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தார். நான் பட்டுப்பாவாடையில், ரெட்டைச் சடையில், அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கீழே போனார், மேலே வந்தார். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சட்டைக் காலரில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத யாரு போட்டா பாப்பா?"

"நாந்தான் சித்தப்பா! அம்மா சொல்லுச்சு. நாம மறந்தே போயிட்டோம் பாத்தீங்களா? நல்லவேள, நேத்தே போட்டுட்டேன். நகல்லயும் போட்டுட்டேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணுக்கு மை வைத்துக்கொண்டு ஜெயிப்பதற்குத் தயாராக நின்ற என் மூஞ்சியைத்தான் பார்த்திருப்பார்.

"நல்லாருக்கு" என்றார். "பிள்ளையார் அழகா இருக்கார்."

அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம். அத்தையின் குரல் அத்தைக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. "எங்கடா என் கம்ப்யூட்டரு?" அத்தை மகன் பின்னால் வந்தான், கையில் துணி உறையோடு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஓரத்தில் குஞ்சம் வேறு.

சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் சித்தப்பாவின் அறை வாசலில் கூடினார்கள். சித்தப்பா அதற்குள் மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார். மானிட்டரின் முதுகு கூட்டத்தைப் பார்த்திருந்தது. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம். அதை நான் பொருட்படுத்தவில்லை. அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் நாற்காலியில், மூன்று மாதம் நான் உட்கார்ந்து டைப் அடித்த நாற்காலியில், போய் உட்கார்ந்துகொண்டார்.

"சித்தப்பா, நாந்தான..."

"நீ கேசட்ட எடுத்துக் குடு. நான் பாத்துச் சொல்றேன்."

'க'வைத் தேடத் தெரியாத மனுஷர்! அத்தை முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போய் நின்றேன். அலமாரி அவருக்குப் பின்னால் இருந்தது.

அத்தை மணிபர்ஸிலிருந்து ஒரு தாளைப் பிரித்தார்கள். பேரையூரிலிருந்து வரும்போதே பஸ்ஸில் தாயும் மகனும் யோசித்து எழுதிய பத்துக் கேள்வி. அப்பா கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ரைட்" என்றார்.

"ஆத்துல படகு போகும். அவ மொகத்தத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருப்பா, அவன் துடுப்புப் போட்டுக்கிட்டே பாடுவான். அது!"

சித்தப்பா கீபோர்டில் டக டகவென்று தட்டினார். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். "எழுபத்தி நாலு. ஏ சைடு. அஞ்சாவது."

நான் எடுத்துக் கொடுத்தேன். டேப்பில் போட்டு, ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, ஐந்தாவது பாட்டுக்கு வந்தோம். புல்லாங்குழல் ஒலித்தது, கூடவே துடுப்புச் சத்தம். அம்மா கை தட்டிவிட்டாள். "பதினெட்டு செகண்ட்" என்றார் அப்பா, அவரை அறியாமல் குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ரெண்டாவதும் சரி. மூணாவதும், நாலாவதும் சரி. நான் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் சித்தப்பாவின் தோளுக்கு மேலே திரை தெரிந்தது. அதில் என் மஞ்சள் பிள்ளையார் அசையாமல் நின்றிருந்தார். தேடி முடித்ததும் மரியாதையாக முதல் பக்கத்துக்கே திரும்பி வந்துவிடுகிறாரே சித்தப்பா என்று எனக்குக் கோபத்திலும் ஒரு திருப்தி.

ஆறாவது கேள்வியில் அத்தை மகனுக்குச் சந்தேகம் வந்து, மேசையைச் சுற்றி எட்டிப் பார்க்க வந்தான்.

"மாப்ள, அந்தப் பக்கம் நில்லுங்க. பரீச்சையில பக்கத்துப் பேப்பரப் பாக்கலாமா?" என்றார் சித்தப்பா. கூட்டம் சிரித்தது. அவன் காது சிவந்து பின்வாங்கினான்.

எட்டாவது கேள்வி கொஞ்சம் ஆட்டிவிட்டது. ஏதோ ஓடாத படத்தில் யாரும் கேட்காத பாட்டு. சித்தப்பா தட்டுவதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு முணுமுணுத்தது. விரல் மேசையில் தாளம் போட்டது, ஒரு தாளம், பிறகு வேறு தாளம், பிறகு இன்னொன்று. "முப்பது" என்றார் அப்பா. "நாப்பது." அத்தை துணி உறையின் குஞ்சத்தை நீவிவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டர், அதான் யோசிக்கிறது என்று நான் உள்ளுக்குள் அதைத் திட்டினேன். பிள்ளையாரே, கொஞ்சம் தள்ளி விடுமய்யா என்று வேண்டினேன். "அம்பது" என்ற நொடியில் சித்தப்பா கண்ணைத் திறந்தார்.

"இருநூத்தி அறுபத்தேழு. பி சைடு. ரெண்டாவது."

சரி! ஒன்பதாவதும் சரி. அத்தை தாளை மடித்து வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் தம்பியையே பார்த்தார்கள். ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் வம்பும் தெரிந்தது.

"பத்தாவது சினிமாப் பாட்டு இல்ல. என் கல்யாணத்துக்கு மொத நாள், மருதாணி வச்சுக்கிட்டே நான் ஒண்ணு பாடுனேன். நீ டேப்ப வச்சுப் பிடிச்ச. ஞாபகம் இருக்கா? அத எடு பாப்பம்."

"இது அநியாயம்மா" என்று அப்பாவே சொன்னார். அப்படி ஒன்றை நான் டைப் அடிக்கவே இல்லை. மூவாயிரம் பாட்டிலும் அது கிடையாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டி போச்சு, பேரையூர் பஸ்தான் என்று நினைத்து அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா ரொம்ப நிதானமாக நாலு தட்டு தட்டினார். "இருநூத்திப் பதினொண்ணு. பி சைடு. கடைசி."

அந்தப் பக்கம் பாதிக்கு மேல் காலி என்றுதான் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். கேசட்டைப் போட்டு ஓட்டினோம். வெறும் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது. மெலிசாக, வெட்கத்தோடு. நடுவில் ஒரு அடி மறந்துபோய்ச் சிரித்துவிட்டது. பக்கத்தில் ஒரு வாலிபக் குரல், "பாடு தாயி, நிப்பாட்டாத" என்றது. அது அப்பாவின் குரல் என்று எனக்குத் தெரிய வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பெண் குரல் மறுபடி பாடியது.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா நேரம் சொல்லவே மறந்துபோய்க் கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிஞ்சு போச்சுன்னுல்லடா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்கள் அத்தை. "பாவி, எங்கடா வச்சிருந்த இம்புட்டு நாளா?" பாட்டு முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார்கள். "பெட்டி இங்கனயே இருக்கட்டும்ண்ணே. தேடி எடுக்கத் தெரிஞ்ச புள்ளகிட்டயே இருக்கட்டும்."

அந்தக் குஞ்சம் வைத்த உறையை அத்தையே என் கம்ப்யூட்டருக்குப் போட்டுவிட்டார்கள். அளவு கச்சிதமாக இருந்தது.

அன்று சாயங்காலம் தெப்பம் பார்க்கப் போனபோது என் கால் தரையில் இல்லை. குளத்தைச் சுற்றி அத்தனை விளக்கும் எனக்காகவே போட்டது போல இருந்தது. பார்த்த பிள்ளைகளிடமெல்லாம், "எங்க கம்ப்யூட்டர்ல பிள்ளையார் இருக்கார். நாம டைப் அடிக்காததக்கூடக் கண்டுபிடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே போனேன். அத்தை கை நிறைய வளையல் வாங்கிப் போட்டார்கள். அப்பா, "சனிக்கிழம சனிக்கிழம கம்ப்யூட்டர் கிளாஸ் ஒண்ணு நடக்குதாம்ல, போறியா?" என்று வழியிலேயே கேட்டார். சித்தப்பாவோடு மட்டும் நான் பேசவில்லை. கூட்டத்தில் அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். உழைத்தது நான், நாற்காலி அவருக்கா?

அந்த சனிக்கிழமை கிளாஸில் ஆரம்பித்தது, இன்று எனக்குச் சோறு போடுகிறது. ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவேட்டை வரிசை குலையாமல் காப்பதுதான் என் வேலை. ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர் பேருக்குப் போனால் உயிர்ப் பிரச்சினை. அப்படிப் போக விட்டதில்லை என்று எனக்கு ஒரு திமிரும் உண்டு.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பெட்டி பரணிலிருந்து இறங்கியது. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். உயிர் இருந்தது. எங்கள் பாட்டுப் பதிவேடும் இருந்தது. திறந்தால், மஞ்சள் கட்டத்தில் பிள்ளையார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவருக்குக் கீழே பார்த்தேன்.

முதல் பாட்டுக்கு நேராக, எண் இருக்க வேண்டிய இடத்தில், 'நம்பர்' என்று எழுதியிருந்தது.

இந்த வேலையில் இருப்பவளுக்கு அது போதும். அன்றைக்கு நான் கீழே தள்ளியது தலைப்பை மட்டும் இல்லை. நம்பர் வரிசை முழுவதும், மூவாயிரமும், ஒரு படி இறங்கிவிட்டிருந்தது. பாட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக மேல் வீட்டுக்காரியின் நம்பர். முதல் கேசட்டின் முதல் பாட்டு விநாயகர் பாட்டு என்பது எனக்கே தெரியும். அது இருநூற்று நாற்பதாவது கேசட்டில் இருப்பதாகப் பதிவேடு சாதித்தது. படகுப் பாட்டைத் தேடினேன். எழுபத்தி நாலு இல்லை. போட்டிக்கு வந்த ஒன்பது பாட்டில் ஒன்றுக்குக்கூட நம்பர் சரியில்லை. பத்தாவதோ அதில் இல்லவே இல்லை.

திருப்பரங்குன்றத்துக்குப் போனேன். சித்தப்பா இப்போதும் அதே கடையில்தான், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு குத்துவிளக்கின் அடியில் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்தினார்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார். மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சிரிப்பு.

"அன்னிக்குக் காலையிலயே ஏன் சித்தப்பா சொல்லல?"

"சொன்னா அழுதிருப்ப. நீ அழுதா எனக்கு அம்புட்டும் மறந்து போயிருக்கும்."

"அப்ப எந்தக் கீயத்தான் அப்படித் தட்டினீங்க?"

"அம்பு மாதிரி ஒண்ணு மேல பாத்து இருக்கும்ல, அத எத்தன தட்டுத் தட்டினாலும் ஒண்ணும் ஆகல. அதையே தட்டினேன்."

ஷிஃப்ட், தனியாகத் தட்டினால் எதையும் எழுதாத கீ. ஜெயிச்ச மனுஷர் அன்று பூராவும் ஷிஃப்ட்டைத் தட்டியிருக்கிறார்! "ஒரு வரிசை கீழ பாத்திருந்தாலே சரியான நம்பர் இருந்திருக்கும்" என்றேன். "அது எனக்கெங்க தெரியும்? எல்லாம் கவுந்து போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"அது சரி, அம்புட்டும் மனசுக்குள்ள இருக்கையில என்னைய எதுக்கு மூணு மாசம் டைப் அடிக்க வச்சீங்க?"

"அந்தப் பெட்டிக்கு ஒரு வேலைன்னு உங்கப்பங்கிட்ட காட்டணும்ல" என்றார். "பாட்டுத் தேட எனக்கெதுக்குத்தா கம்ப்யூட்டரு?" மறுபடி குத்துவிளக்கைக் கையில் எடுத்தார். மெஷின் வண்டு மாதிரி குடைய ஆரம்பித்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன், அன்றைக்கு அத்தை நின்ற மாதிரியே.

திரும்பி வரும்போதுதான் அந்த டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. தெப்பத்துக்கு மூன்றாம் நாள், நான் இன்னும் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, சித்தப்பா கடையிலிருந்து புதுசாக ஒரு டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார். மூடியில் என் பேர் வெட்டியிருந்தது. பேருக்கு மேலே, பெரிசாக, ஒரு 'உ'. வாங்கிக்கொண்டேன், ஆனால் சும்மா விடவில்லை. "டிபன் பாக்ஸுக்குப் போயி யாராச்சும் பிள்ளையார் சுழி போடுவாங்களா? எல்லாரும் சிரிப்பாளுக" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சித்தப்பா அதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், நான் கோபித்துக்கொண்டு எழுந்து போன பிறகும், தன் அறையில் தனியாக வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.